குரல் எடுக்கும் நாள்

“வாயாடீ... இங்க கொஞ்சம் வாயேன்!”

கணவரின் குரல் கேட்டதும் அடுப்பைக் குறைத்துவிட்டு ஈரக்கையோடு ஓடினாள். அறைக்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினாள்.

கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்தார். “என்ன?”

“கூப்பிட்டீங்களே?”

“உன்னை யாரு கூப்பிட்டா? போய் வேலையைப் பாரு.”

இன்று மட்டும் இது எத்தனையாவது தடவையோ. அந்த வீட்டில் அவளை விட்டால் வாயாடி என்று இன்னொருத்தி இருந்தால்தானே! ஒன்று அவருக்குக் கழன்றிருக்க வேண்டும், இல்லை தன் காதில் ஏதாவது பேய் புகுந்திருக்க வேண்டும் என்று முணுமுணுத்தபடி அடுப்படிக்குத் திரும்பினாள்.

அவர் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். விடியுமுன் கூவத் தொடங்கினால் வெயில் ஏறும்வரை வாய் ஓயாது. தொண்டை கரகரப்பதெல்லாம் அவர்கள் வீட்டில் ஒரு செய்தியே இல்லை. அப்படிப்பட்டவர் கொஞ்ச நாளாகச் சந்தைக்கு லீவு போட்டுவிட்டு, பாடப் போகிறேன் என்று அறைக்குள் உட்கார்ந்துவிட்டார்.

“கழுதை கெட்டா குட்டிச்சுவருன்னு கேள்விப்பட்டிருக்கேன். ஏலம் கெட்டா பாட்டா?” என்று சீண்டிப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திக்கொண்டார்.

குரலைக் கம்ப்யூட்டரில் பதிய ஒரு சவுண்ட் கார்டு பார்த்துத் தர, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் அவள் தம்பியைத்தான் பிடித்தார். அவன் இரண்டு கொண்டு வந்திருந்தான். ஒன்று கட்டைவிரல் அளவு, மற்றது சோப்பு டப்பா அளவு.

“சின்னது விலை ரொம்பக் கம்மி மாமா. வீட்டுல பாடறதுக்கு இதுவே தாராளம்.”

மைக்கில் ஏதோ பேசிவிட்டு, ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டார். “அடியில உஸ்ஸுன்னு ஒரு இரைச்சல் வருதேடா.”

“பின்னாடி மியூசிக் சேத்தா அது அமுங்கிடும் மாமா.”

“மியூசிக் எல்லாம் கிடையாது. வெறும் குரல்தான்.” சோப்பு டப்பாவைக் கையில் எடுத்தார். “இதுவும் நமக்குக் கட்டுப்படியாகிற விலைதானே? இதையே வெச்சுக்கறேன். என் குரல் என் குரலாவே கேக்கணும்.”

“சின்னதே போதாதா? யாரு கேக்கப் போறா?” என்றாள் அவள், நிலைப்படியில் நின்றபடி.

“நீ கேப்பே,” என்றார்.

தம்பியை வழியனுப்ப வாசல்வரை போனவர் அவனிடம் கிசுகிசுத்தது அவள் காதில் விழுந்தது. “ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் பேசி முடிச்சிடணும்டா. திங்கக்கிழமை குரல் எடுக்கறாங்க.”

ஓஹோ! ஏதோ ஸ்டுடியோவில் ரெக்கார்டிங் போலிருக்கிறது. அவளிடம் மறைத்து வைத்திருந்து ஒரேயடியாக அசத்தப் போகிறார். தம்பியின் முகம் மட்டும் ஏன் செத்துப்போனது என்று புரியவில்லை. மாமா பாடகராகிவிடுவாரே என்ற வயிற்றெரிச்சலாக இருக்கும் என்று முடிவு கட்டினாள்.

ஆனால் அறைக்குள்ளிருந்து வந்ததில் பாட்டு என்று ஒன்றுமே இல்லை. “சாப்ட்டியா?” என்று ஒரு கொஞ்சல். “மழை வருது, துணியை எடு!” என்று ஓர் அதட்டல். வெளியே பார்த்தால் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு நாள், “கோவமா? சரி விடு, தப்பு என்னுதுதான்,” என்று கேட்டது. கல்யாணமான நாள்முதல் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. உள்ளே யாரிடம் பேசுகிறார்? அந்த அறையைத் தாண்டிப் போகவே பயந்தாள்.

ஞாயிறு மத்தியானம் ஒரு சின்னப் பையோடு கிளம்பினார். “வெளியூர்லதான் எடுக்கறாங்க. முன்னாடி நாளே வரச் சொல்லிட்டாங்க.”

தெரிந்தும் தெரியாததுபோல அவளும் தெருமுனைவரை கூடவே நடந்தாள். “நல்லா எடுக்கச் சொல்லுங்க,” என்றாள்.

“மிச்சம் மீதி இல்லாம எடுக்கறோம்னுதான் சொல்லியிருக்காங்க வாயாடி.” பஸ் ஏறியவர் ஜன்னல் வழியாக, கண்ணை விட்டு மறையும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது வீடு வெறிச்சென்று கிடந்தது. சும்மா சாத்திவிட்டுப் போன கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தாள்.

“வாயாடீ... இங்க கொஞ்சம் வாயேன்!”

அறையிலிருந்துதான். அதே கரகரப்பு, அதே இழுப்பு. இப்போதுதானே பஸ் ஏற்றிவிட்டு வருகிறாள்! அவருக்கு வழியில் ஏதாவது ஆகி, உயிர் மட்டும் வீடு திரும்பிவிட்டதோ? கதவைத் தள்ளினாள்.

நாற்காலி காலியாக இருந்தது. அதன் காலடியில், தரையில் உட்கார்ந்திருந்தான் தம்பி. அவன் கையிலிருந்த போனில் வரிசையாகப் பொத்தான்கள் தெரிந்தன. ஒன்றில் ‘சாப்ட்டியா’, ஒன்றில் ‘கோவமா’. எல்லாவற்றுக்கும் மேலே, ‘வாயாடி’.

“அட பாவி, உயிரே போயிடுச்சுடா! இது என்னடா விளையாட்டு?”

“விளையாட்டு இல்லக்கா.” அவன் கண்கள் சிவந்திருந்தன. “இனிமே மாமா இதைத் தொட்டுத்தான் உன்னைக் கூப்பிடுவார். உனக்கு முதல்ல பழக்கிவிடச் சொன்னார். தொண்டையில கட்டின்னு ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கார்.”

“ஆஸ்பத்திரிக்கா? குரல் எடுக்கறாங்கன்னு உங்கிட்டச் சொன்னாரே!”

“ஆமாக்கா. குரல்வளையையே வெட்டி எடுக்கறாங்க.”