வெள்ளை மூடி

சட்டியிலிருந்தே தின்றுகொண்டிருந்தாள்.

தட்டு எடுக்கப் பொறுமையில்லை. வெந்த உருளைக்கிழங்கைக் கரண்டியால் நசுக்கி, வெண்ணெயை வழித்துப் போட்டு, உப்பைத் தூவி, நாக்கு சுட்டாலும் பரவாயில்லை என்று விழுங்கினாள். ஜன்னல் வழியே வந்த வெயில் அடுப்பு மேடைவரை எட்டி நின்றது.

கீழே, தொடாத கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேனேஜர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

மேனேஜர் ஒரு சாம்பல் நிறப் பூனை. அக்கா வைத்த பெயர். வீட்டில் யார் என்ன வேலை செய்தாலும் எதிரில் வந்து உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். தான் மட்டும் ஒரு துரும்பையும் நகர்த்தாது. "சம்பளம் மட்டும் வேளாவேளைக்கு வந்துடணும் துரைக்கு" என்பாள் அக்கா, கிண்ணத்தை நிரப்பிக்கொண்டே.

போன மாதம் அக்கா போய்விட்டாள். அதன்பிறகு மேனேஜர் சம்பளத்தை முகர்ந்து பார்ப்பதோடு சரி.

துக்கம் என்றுதான் தங்கை நினைத்தாள். ரத்தத்தைச் சோதித்த மருத்துவர், சிறுநீரகம் என்றார்.

வயிறு காலியானால் அது ஒரு ஹார்மோனை அனுப்பி, பசிக்கிறது என்று மூளைக்குச் சொல்லுமாம். போதும் என்று சொல்வதற்கு வேறு ஹார்மோன்கள். சொல்லி முடித்ததும் அவற்றை ரத்தத்திலிருந்து அப்புறப்படுத்துவதில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டாம். பழுதான சிறுநீரகத்தால் அது முடிவதில்லை. விருந்து முடிந்தும் கிளம்பாத ஆட்களைப் போல அவை உள்ளேயே சுற்றிக்கொண்டு, போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பூனையும் அதை நம்பிவிடும்.

அவள் தலையாட்டினாள். பிறகு செவிலி இரண்டு ட்யூப்களை எடுத்துவைத்து ஏதோ விளக்கினாள். அந்த நேரம் பார்த்து இவள் கண் பூனைக்கூடைக்குள் போய்விட்டது. உள்ளே விரித்திருந்தது அக்காவின் பழைய ஸ்வெட்டர்.

மனதில் தங்கியது இவ்வளவுதான்: பசி மருந்தைக் காதின் உட்புறம் தடவ வேண்டும். கையுறை கட்டாயம். இல்லையென்றால் மருந்து தடவுகிறவரின் தோலுக்குள் இறங்கி, அவருக்குப் பசியெடுக்கும். வார இறுதிக்குள் பூனை சாப்பிடத் தொடங்காவிட்டால், கழுத்தில் துளை போட்டுத்தான் ஊட்ட வேண்டியிருக்கும்.

காலையில் கையுறை போட்டுத்தான் ஆரம்பித்தாள். ஆனால் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். தீட்டிய விளிம்பை வெறும் விரல்நுனியால் தடவிப் பார்த்துத்தான் சட்டத்தில் ஏற்றுவாள். கையுறைக்குள் போனால் அவள் விரலுக்குக் கண் தெரியாது. காது எங்கே முடிகிறது, மயிர் எங்கே தொடங்குகிறது, ஒன்றும் பிடிபடவில்லை. மேனேஜர் இரண்டு முறை நழுவி ஓடியது.

கையுறையைக் கழற்றி எறிந்தாள். ஒரு ட்யூபைத் திறந்து, வெறும் விரலால் தடவிவிட்டாள். காது வெல்வெட் போல இருந்தது.

மதியத்துக்குள் பசி வந்துவிட்டது.

அவளுக்கு.

வாரக்கணக்கில் எட்டிப் பார்க்காத பசி, வட்டி போட்டுக்கொண்டு வந்து நின்றது. அக்கா போன வீட்டில் இப்படியா வயிறு கூப்பாடு போடும்? மருந்துதான், வேறென்ன. பூனைக்குப் போக வேண்டியதை விரல் குடித்துவிட்டது. அக்கா விட்டுப்போன ஒரே உயிரின் பசியைத் திருடி, அதன் கண்ணெதிரிலேயே தின்றுகொண்டிருக்கிறாள்.

அப்படி நினைத்தும் கரண்டி நிற்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாளவில்லை.

போன் அடித்தது. செவிலி.

"சாப்பிட்டாச்சா?"

அவ்வளவுதான், அவள் கொட்டிவிட்டாள். "இல்லம்மா, ஒரு வாய் தொடல. தப்பு எம்மேலதான். கையுறை போடாம தடவிட்டேன். மருந்து மொத்தமும் எனக்குள்ள எறங்கிடுச்சு. அது பட்டினியா கெடக்கு, நான் சட்டியோட முழுங்கிட்டு நிக்கறேன்."

செவிலி குறுக்கிட்டாள்.

"எந்த மூடி போட்ட ட்யூப் அக்கா?"

"வெள்ளை."

செவிலி சிரித்துவிட்டாள். "ஐயோ அக்கா, அது வெறும் வாசலின்! காதைத் தொட்டதுக்கே என் கட்டைவிரலைக் கடிச்சு வச்சானே உங்க மேனேஜர், அதான் இன்னைக்கு ஒருநாள் பழக்கப்படுத்தச் சொல்லிக் கொடுத்தேன். மருந்து செவப்பு மூடி. நாளைக்குத்தான் ஆரம்பிக்கணும். பயப்படாதீங்க, அவன் பங்கை யாரும் தின்னுடல."

சிவப்பு மூடி அலமாரியில், பிரிக்காத உறைக்குள் இருந்தது.

அவள் தன் விரல்நுனியைப் பார்த்தாள். பளபளவென்றிருந்தது. வெண்ணெயா வாசலினா என்று அந்த விரலுக்கே தெரியவில்லை.

மேனேஜர் எழுந்து வந்து அவள் காலருகே உட்கார்ந்துகொண்டது.

"அப்புறம் அக்கா," என்றாள் செவிலி, "சாப்பிட்டாச்சான்னு நான் மேனேஜரைக் கேக்கல. உங்களைத்தான் கேட்டேன்."

அக்கா போனதிலிருந்து அண்டைவீட்டார், கடைக்காரர், சித்தி என்று கேட்ட அத்தனை பேருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தாள். யோசிக்காமலே வாயில் வரும் அளவுக்குப் பழகிப்போன பொய்.

இப்போதும் அதுவே வந்தது.

"ஆச்சு."

சொன்ன பிறகுதான் சட்டியைப் பார்த்தாள்.

காலி.