வெறும் அடைப்புக்குறி

"ஏம்மா, கண்ணு தெரியாதா உனக்கு?"

அந்தச் சத்தத்தில் கம்ப்யூட்டர் லேப்பே அடங்கிப்போனது.

தர்மபுரி பக்கத்தில் ஒரு கல்லூரி. கடைசி செமஸ்டர் பிராக்டிகல் தேர்வு. சத்தம் போட்டவர், சேலத்திலிருந்து எக்ஸ்டர்னல் எக்ஸாமினராக வந்திருந்த அப்துல் சுபான்.

கலைமதி எழுந்தாள். ஏரியூர்ப் பெண். பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. இந்தத் தேர்வு போனால் அதுவும் போச்சு.

"உக்காந்ததுல இருந்து இதே எரர்தாங்க, சார். எங்க தப்புன்னே தெரியலைங்க."

"செவப்பா நாலு வரி வந்திருக்கே, அது என்ன அழகுக்கா? படி."

"இங்கிலீஷ்ல என்னென்னமோ வருதுங்க, சார்..."

"நீ எங்க படிக்கப் போற? நானே படிக்கிறேன்."

அவர் குரல் கடைசி பெஞ்சையும் தாண்டி வராண்டா வரை போனது.

"ஸ்டூடன்ட் எஸ்னு எழுதி, பின்னாடி அடைப்புக்குறி போட்டிருக்க. உள்ள குடுக்க ஒண்ணுமில்ல, அப்புறம் அது எதுக்கு? நீ ஆப்ஜெக்ட்டுனு நெனச்சு எழுதுற. மெஷின் அதை ஃபங்ஷன்னு எடுத்துக்குது. 'அந்த வெறும் அடைப்புக்குறியை எடுத்துடு தாயே'ன்னு மெஷினே கெஞ்சுது. இதைக்கூடப் படிக்காம என்னத்தக் கிழிச்ச மூணு வருஷமா?"

கலைமதி உட்கார்ந்தாள். அடைப்புக்குறியை எடுத்தாள். புரோகிராம் ஓடியது. அழுகைதான் நிற்கவில்லை.

"மத்தவங்களுக்கு என்ன வேடிக்கை? அவங்கவங்க வேலையைப் பாருங்க."

உடனே லேப் முழுக்க டக் டக்கென்று கீபோர்டு சத்தம்.

பாடம் எடுத்த அமுதவல்லி மேடத்துக்கு மனசு ஆறவில்லை. தேர்வு முடிந்து டீ வந்ததும் கேட்டேவிட்டார்.

"பாவம், தங்கமான பொண்ணுங்க, சார். கிட்டப் போயி மெதுவாச் சொல்லியிருக்கலாமுங்க."

"மெதுவாச் சொன்னா மத்தவங்களுக்குக் கேக்காதுங்களே, மேடம். பாதி கிளாஸ் அதே எடத்துலதான் முழிச்சுக்கிட்டிருந்துச்சு."

"அதுக்காக இப்படித் திட்டணுமாங்க?"

அப்துல் சுபான் டீயை ஊதி ஒரு வாய் குடித்தார்.

"எக்ஸாமினர் சொல்லிக்குடுக்கக் கூடாதுங்க, மேடம். திட்டலாம்."