புள்ளி பொய் சொல்லாது

ரிப்பனை இன்னும் கொஞ்சம் பெரிய பூவாகக் கட்டச் சொன்னார் முதலாளி. பெட்டிக்குள் சுவர்க் கடிகாரம், மேலே ‘எங்கள் தங்கமான கஸ்டமருக்கு’ என்று ஓர் அட்டை.

“ஆள் யாருன்னு தெரிஞ்சுதா?”

சந்தைக் கடை மேனேஜர் தலையைச் சொறிந்தார். “இல்ல சார். வாடகை வேன்தான் வருது. டிரைவர் சோப்பு, வாளி, துடைப்பம்னு அள்ளிட்டுப் போறார். யாருக்குன்னு கேட்டா, அக்கா அனுப்பினாங்கன்னு மட்டும் சொல்றார்.”

“அந்த அக்கா நல்லா இருக்கட்டும்.”

முதலாளிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. லாரிகளைப் போனிலேயே மேய்க்கும் ஆப் வந்ததிலிருந்து சந்தைக் கடையில் சரக்கு குவிகிறது, குவிந்த வேகத்தில் காலியாகிறது. இரண்டு கடைகளையும் ஆப்பில் பதிவு செய்தது அவரேதான். சந்தைக் கடையின் இதே நாற்காலியில், காபி ஆறுவதற்குள் முடித்ததை அவர் சொல்லாத நாளில்லை.

பாலத்துக் கடைதான் கண்ணில் விழுந்த தூசி. அதை நடத்துவது அவருடைய தங்கை. லாரியைக் காட்டும் பச்சைப் புள்ளி மாதக்கணக்கில் பாலத்தைத் தாண்டவே இல்லை. சரக்கு போகவில்லை என்றால் அங்கே வியாபாரம் இல்லை என்றுதானே பொருள்?

“லாரி வரலண்ணே” என்று தங்கை போன் செய்யும்போதெல்லாம் அவரிடம் ஒரே பதில்தான். “புள்ளி பொய் சொல்லாதும்மா.”

இன்று கடையை மூடச் சொல்லிவிடுவது என்று கிளம்பினார். அவள் குடும்பமே அந்தக் கடையை நம்பித்தான் ஓடுகிறது. ஆனால் தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு அல்லவா? வழியில் அந்த வேன் கண்ணில் பட்டால் கொடுத்துவிடலாம் என்று பரிசுப் பெட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

பாலத்துக் கடை வாசலில் காரை நிறுத்த இடமில்லை. சீட்டில் விட்டால் ரிப்பன் கசங்கும் என்று பெட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடி உள்ளே போனார். ஒரே கூட்டம். அலமாரி கொள்ளாமல் சரக்கு.

“வாண்ணே” என்றாள் தங்கை, பில் போட்டபடியே.

“என்னம்மா இது? இங்க லாரியே வரலையே.”

“அதைத்தானே நானும் சொல்றேன். நான் போடற ஆர்டரெல்லாம் சந்தைக் கடையிலயே இறங்கிடுது. லாரி டிரைவரைக் கேட்டா, என் கடை அங்கதான் இருக்குன்னு போன் காட்டுதாம். பதிவு பண்ணும்போது நீ எங்கண்ணே உக்காந்திருந்த?”

அவருக்குக் காபி ஞாபகம் வந்தது. இரண்டு கடைக்கும் ஒரே நாற்காலியில் இருந்தபடி ‘நான் இருக்கும் இடம்’ என்று அழுத்திய விரலைப் பார்த்துக்கொண்டார். கடையை மூடச் சொல்ல வந்தவர் அலமாரிகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“அப்ப இவ்வளவு சரக்கு எங்கேருந்து?” என்றார் மெல்ல.

தங்கை பில் போடுவதை நிறுத்தினாள். கக்கத்தில் இருந்த பெட்டியின் அட்டையை ஒருமுறை படித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

“குடுண்ணே, அது எனக்குத்தான்.”