எட்டாவது சாக்ஸ்

"வீட்டுக்குப் போனதும் பொண்டாட்டி பிள்ளைங்களை வரிசையா நிக்க வச்சு எண்ணுவாரு பாரு, மனுஷன்."

பஸ் படியில் நின்று இதைச் சொன்னவனுக்குப் பட்டாளத்தில் வாயாடி என்று பெயர். பின்னால் சார்ஜென்ட் நிற்பதை அவன் பார்க்கவில்லை.

"ஏறு" என்றார் சார்ஜென்ட். அவ்வளவுதான்.

கடல் தாண்டிப் போய்ப் பதினெட்டு மாதம் கழித்துத் திரும்பியிருந்தார்கள். விமானம் இறங்கியாகிவிட்டது. இந்த பஸ் இன்னும் ஒரு மணி நேரம் ஓடினால் படைமுகாம் மைதானம். குடும்பங்கள் எல்லாம் அங்கேதான் காத்திருந்தன.

பஸ்ஸுக்குள் ஒரே சீப்பும் கண்ணாடியுமாக இருந்தது.

"மாஸ்டர், மீசையை எடுத்துடுங்க. உங்க பொண்ணு பயந்துக்கப் போறா."

மாஸ்டர் என்பது பட்டாளத்துச் சமையல்காரர். இவர் கிளம்பிப் போன மூன்றாம் மாதம் பிறந்த மகளைப் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

"எடுக்க மாட்டேன். நான் இறங்கும்போது அவ எதிர்ல நிக்கணும். அது போதும் எனக்கு" என்றார் மாஸ்டர். "போன தடவை என் வீட்டுக்காரி வந்து சேர லேட்டாயிடுச்சு. எல்லாரும் கட்டிப்பிடிச்சு அழுதுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. மைதானத்துல நானும் நாற்காலி அடுக்கறவரும்தான் மிச்சம்."

"அவரையாவது கட்டிப்பிடிச்சிருக்கலாம்ல?" என்றான் வாயாடி.

பஸ்ஸே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

முன் இருக்கையில் சார்ஜென்ட்டின் போன் அடித்தது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ பேசினார். வைத்துவிட்டு டிரைவரின் தோளைத் தட்டினார்.

"ஓரமா நிறுத்துங்க. எல்லாரும் பையோட இறங்குங்க. சாமான் சரிபார்க்கணும்."

யாருக்கும் முதலில் புரியவில்லை.

"காலையிலதானே சார் பார்த்தீங்க?"

"மறுபடி பார்ப்போம்."

சாலையோரம் பைகளைக் கொட்டினார்கள். சார்ஜென்ட் மடித்து வைத்திருந்த பட்டியலைப் பிரித்தார். சட்டை இத்தனை, பெல்ட் இத்தனை, தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று. குனிந்து நிமிர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் வாயாடியிடம் நின்றுவிட்டார்.

"சாக்ஸ் நாலு ஜோடி. இங்கே ஏழுதான் இருக்கு."

"காலையில எட்டு இருந்துது சார்."

"இப்போ ஏழு. தேடு."

"ஒரு சாக்ஸுக்காகவா சார்?"

"அரசாங்கத்து சாக்ஸ். எல்லாரும் தேடுங்க."

இருபத்தேழு பேர் தேடினார்கள். இருக்கைக்கு அடியில், பஸ்ஸுக்கு அடியில், பக்கத்துப் புதரில். வாயாடி தன் வாயாலேயே சார்ஜென்ட்டை வறுத்து எடுத்தான், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில்.

"பழி வாங்கறாரு. நான் சொன்னது காதுல விழுந்திருக்கு."

மாஸ்டர் நாலு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாவது தடவை பொறுக்க முடியாமல் சார்ஜென்ட்டிடம் போனார்.

"சார், குழந்தை வெயில்ல காத்துட்டிருக்கும்."

"தேடுங்க மாஸ்டர்" என்றார் சார்ஜென்ட், அவர் முகத்தைப் பார்க்காமல்.

முக்கால் மணி நேரம் போயிற்று. சார்ஜென்ட்டின் போன் மறுபடி அடித்தது.

"போதும். ஏறுங்க."

"சாக்ஸ் சார்?" என்றான் வாயாடி.

"போகட்டும்."

இப்போதுதான் வாயாடிக்கு நிஜமாகவே எரிந்தது.

மைதானத்தில் பஸ் நிற்பதற்குள் பாதிப் பேர் குதித்துவிட்டார்கள். மாஸ்டர் இறங்கினார். எதிரே மகள் நின்றாள், அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு. மீசையைப் பார்த்ததும் வீல் என்று அழுதாள். மாஸ்டரும் அழுதார்.

"ரொம்ப நேரமா நிக்கறியா? வழியில எங்களை நிறுத்திட்டாங்க" என்றார் மனைவியிடம்.

"இப்பத்தான் ஓடி வரோம். நாங்க வந்த வண்டி பாதி வழியில படுத்துடுச்சு. கையும் ஓடல காலும் ஓடல. உங்க சார்ஜென்ட்டுக்குப் போன் போட்டு, உங்களை மட்டும் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கன்னேன். 'அவசரப்படாம வாம்மா, எங்க பஸ்ஸும் ரிப்பேரு'ன்னாரு. சரியாயிடுச்சா பஸ்ஸு?"

பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டிருந்த வாயாடி அப்படியே நின்றான். பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

நாலடி தள்ளி சார்ஜென்ட்டுக்கு அர்ச்சனை நடந்துகொண்டிருந்தது.

"டிரைவர் சொன்னாரு. நடுரோட்டுல பையைக் கொட்டி எண்ணுனீங்களாமே?" என்று அவர் மனைவி கேட்டாள். "பதினெட்டு மாசம் ஆச்சு உங்க முகத்தைப் பார்த்து. இன்னைக்குக் கூடவா எண்ணிக்கை? எங்க நினைப்பே இல்லையா உங்களுக்கு?"

சார்ஜென்ட் தலையைக் குனிந்துகொண்டு, நெற்றி வியர்வையைத் துடைக்கப் பாக்கெட்டில் கைவிட்டு எடுத்தார். நெற்றி வரை போன பிறகுதான் பார்த்தார், அது கைக்குட்டை இல்லை. பச்சை நிற சாக்ஸ்.

"இது யாரோடது?" என்றாள் மனைவி.

சார்ஜென்ட் விழித்தார்.

வாயாடி பையைக் கீழே வைத்துவிட்டு நடுவில் வந்து நின்றான்.

"என்னோடது அக்கா. எங்கேயோ போட்டுத் தொலைச்சுட்டு, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி நான்தான் ரகளை பண்ணினேன். பாவம், தேடி எடுத்து வச்சிருக்காரு. அவரைத் திட்டாதீங்க" என்று சொல்லி, கையை நீட்டி சாக்ஸை வாங்கிக்கொண்டான்.