ஜெசிந்தாவின் சைக்கிள்

செம்மலருக்கு ஏன் இப்படி மறக்கிறது என்று எந்த ஸ்கேனும் சொல்லவில்லை. போன வாரம் தன் விடுதி அறையையே மறந்து, பக்கத்து அறைக் கதவைத் தட்டியிருக்கிறாள்.

கல்லூரி மருத்துவர் 'நிரப்பி' என்ற பொத்தான் அளவுக் கருவியை நீட்டினார். "காதுக்குப் பின்னாடி ஒட்டிக்கோம்மா. மறந்துபோன இடத்தையெல்லாம் அதுவே நிரப்பிடும். இது இல்லாம இப்ப யாரும் பரீட்சைக்குப் போறதில்ல."

"என் ரூம்மேட் ஜெசிந்தா ஒட்டியிருக்கா டாக்டர். அவ அப்பா சைக்கிள் கத்துக்கொடுத்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா."

"பாத்தியா, எவ்வளவு நல்லா வேலை செய்யுது!"

"அவ பிறக்கறதுக்கு முன்னாடியே அவ அப்பா இறந்துட்டாரு."

நிரப்பியை மேசையிலேயே விட்டுவிட்டு வாய்மொழித் தேர்வுக்குப் போனாள். முதல் கேள்விக்கே ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"மறந்துபோச்சு மேடம்," என்றாள் நிமிர்ந்து. "மார்க்கைக் குறைச்சுக்கோங்க. அடுத்த கேள்வியைக் கேளுங்க."