மவுஸ் தொடாத எடிட்டர்

“இந்தப் பழைய எடிட்டர் நமக்கு இன்னும் எதுக்கு? அதைச் சொல்லுங்க, மெஹருன்னிசா.”

அனில் சார் கேட்டதும் பொன்மணி தலையைக் குனிந்துகொண்டாள். வீடியோவில் பெங்களூர்த் தலைமை அலுவலகத்தின் மேலாளர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

கொச்சியின் மட்டாஞ்சேரியில், கீழே சுக்கு மூட்டைகளும் மாடியில் ஆறு கம்ப்யூட்டர்களுமாக இருந்த அந்தச் சின்ன மென்பொருள் நிறுவனத்தைப் போன வருடம்தான் பெங்களூர்க்காரர்கள் வாங்கியிருந்தார்கள். இனி எல்லோரும் ஒரே எடிட்டரில்தான் புரோகிராம் எழுத வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். எதற்கும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். அந்த வேலையை, மட்டாஞ்சேரி அலுவலகத்துக்குப் பொறுப்பான அனில் சார் மெஹருன்னிசாவிடம் கொடுத்தார். பக்கத்துக் கொச்சங்காடியைச் சேர்ந்த மலையாளியான அவள் முதல் நாளிலிருந்தே புது எடிட்டரில் வேலை செய்பவள்.

பழைய ‘விம்’ எடிட்டரை வைத்திருந்தது பொன்மணி ஒருத்திதான். லீவுக்குத் தென்காசி போனபோது ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் பத்து நிமிடம் மவுஸைப் பிடித்தால் விரல்கள் மரத்துப்போகும். விம்மில் மவுஸே வேண்டாம். எல்லாம் கீபோர்டிலேயே முடிந்துவிடும். புது எடிட்டரையும் அப்படி மாற்றிக்கொள்ள வழியிருந்தது. தலைமை அலுவலகம் அதற்கு அனுமதிக்கவில்லை.

கையைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித்தான் ஒன்றரை மாதம் லீவை நீட்டியிருந்தாள். தெரிந்தால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அதிலும் அனில் சாரை நினைத்தால் கூடுதல் பயம்.

மெஹருன்னிசா நிதானமாகப் பேசினாள். இரண்டு வாரம் இரண்டிலும் வேலை செய்து பார்த்தேன். புதியதில் எழுதுவது சுலபம், தப்பை அதுவே காட்டிக் கொடுக்கிறது. ஆனால் வாடிக்கையாளரின் சர்வரில் நேரடியாக நுழைந்து திருத்த வேண்டுமென்றால் அங்கே இருப்பது விம்தான் என்றாள்.

“அதுக்காக ஒருத்தர் தினமும் அதுலயே உக்காந்திருக்கணுமா?” அனில் சார் விடவில்லை.

தினமும் பழகியவருக்குத்தான் அவசரத்தில் கை ஓடும் என்றாள். வேலை தாமதமானால் யார் பொறுப்பு என்று அடுத்த கேள்வி வந்தது. ஆறு மாதத்தில் மிகக் குறைவாகப் பிழை வந்தது பொன்மணி எழுதிய பகுதிகளில்தான் என்று பட்டியலைத் திரையில் காட்டினாள் மெஹருன்னிசா. அனில் சார் முகத்தைச் சுளித்தார்.

மேலாளருக்கு மேற்கொண்டு கேட்க ஒன்றும் இருக்கவில்லை. இரண்டும் இருக்கட்டும், அவரவருக்கு வசதியானதை வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருவரும் தெருமுனைச் சாயாக்கடைக்குப் போனார்கள். அங்கே பொன்மணி மெஹருன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

“அக்கா, நீங்க செஞ்சதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். என் கை விஷயம் தெரிஞ்சுதானே எனக்காகப் பேசினீங்க? உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

“எனக்கு எங்கே தெரியும்? நேத்து அனில் சார் சொல்லித்தான் தெரியும். ரிஜிஸ்டர்ல கையொப்பு போடறப்போ உன் விரல் வழங்காததை அவர் எப்பவோ கண்டுட்டார். கேட்டா நீ சங்கடப்படுவேன்னு ஒரு வார்த்தை மிண்டாம இருந்திருக்கார்.”

“அனில் சாரா? அவர்தானேக்கா உங்களை அந்தக் குடை குடைஞ்சார்?”

“பெங்களூர்க்காரங்க கேக்கறதுக்கு முன்னே நாமளே கேட்டுடணும்னு அவர்தான் சொன்னார்,” என்றாள் மெஹருன்னிசா. “அந்தக் கேள்விக்கெல்லாம் பதிலையும் அவரே எழுதித் தந்தார், நான் மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சேன், என் வேலை அத்தறதான்.”