கோச்சின் தும்மல்

"எவன்யா தும்மினது?"

மாணவர் துப்பாக்கிச் சுடும் போட்டியின் நடுவர் கத்தியதும் கோச் ஆர்லன், பள்ளிக்கூடப் பையனைப் போல ஒற்றை விரலைத் தூக்கினார்.

ஜூன் வந்தால் மினசோட்டா முழுக்க மரப்பஞ்சு பறக்கும். அவர் மூக்கு அதற்கென்றே படைக்கப்பட்டது. களிமண் தட்டை வானில் வீசும் எந்திரமோ ஒலிக்குக் கட்டுப்பட்டது. சுடுகிறவர் இங்கிலீஷில் 'புல்!', அதாவது 'இழு!', என்று கத்தினால் வீசும். கோச் தும்மினாலும் வீசும் என்பது இன்றுதான் தெரிந்தது.

துப்பாக்கியைத் தோளில் பாதி ஏற்றியிருந்த அவர் மாணவி சிக்னி பதறிப்போய்ச் சுட்டாள். தட்டு முழுசாகப் புல்லில் விழுந்தது. சுடாமல் விட்டிருந்தால் வேறு தட்டு தருவார்கள். சுட்டுவிட்டால் தப்பியது தப்பியதுதான்.

"யோவ் ஆர்லன்! புள்ளைங்களுக்குத் தேவை கோச்சுய்யா, சளி புடிச்ச கோழி இல்ல!"

பார்வையாளர் வரிசையிலிருந்து ட்வைட். பலமுறை மாநிலச் சாம்பியன். யார் கோச் என்று மாணவர்கள் ரகசிய ஓட்டுப் போட்டபோது, சமையல் வகுப்பு வாத்தியாரான ஆர்லனிடம் ஒரே ஓட்டில் தோற்றவர். ஆர்லன் சுட்டு இதுவரை விழுந்தது அவருடைய சொந்தத் தொப்பி மட்டும்தான்.

"ஸாரிம்மா சிக்னி..."

"பேசாதீங்க கோச், அது மறுபடி வீசிடப் போகுது!"

அணியின் மற்ற நால்வரும் தங்கள் தட்டுகளை உடைத்தார்கள். மீதி, சிக்னியின் கடைசித் தட்டு. உடைந்தால் கோப்பை. தப்பினால் வெறுங்கையோடு ஊர்.

அவள் குறிபார்த்தாள். துப்பாக்கியை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஆர்லன் இரண்டு கைகளாலும் மூக்கைப் பொத்தி, மூச்சடக்கி, தக்காளியாய்ச் சிவந்து நின்றார். களுக்கென்று சிரித்துவிட்டாள். இறுகியிருந்த தோள் தளர்ந்தது.

"புல்!"

வானமெல்லாம் ஆரஞ்சுத் தூள்.

பையன்கள் ஓடிவந்து ஆர்லனைத் தூக்கினார்கள். மேலே போனதும் தும்மினார். கீழே போட்டுவிட்டார்கள்.

மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தவர், கோப்பையோடு நின்ற சிக்னியிடம் கேட்டார்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லு. ட்வைட் மாதிரி ஒருத்தரை விட்டுட்டு என்னை ஏன் எடுத்தீங்க?"

"உங்க எலுமிச்சை கேக்குக்குத்தான்."

"வருஷம் பூரா இதையேதான் சொல்றீங்க. நிஜமாச் சொல்லு."

சிக்னி பார்வையாளர் வரிசையைப் பார்த்தாள். எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டிக்கொண்டிருந்தார் ட்வைட்.

"அந்த ஒரு ஓட்டு என்னோடது, கோச். ஒரு தட்டு தப்பினாலும் ஒரு வாரம் பேசாம இருக்க, அதோ கை தட்டுற எங்கப்பா வீட்டுலயே இருக்காரே. இங்கயாவது என்னைவிட மோசமாச் சொதப்புற ஆள் ஒருத்தர் பக்கத்துல நிக்கட்டும்னுதான்!"